சாக்கில் வந்த பசி

கொன்னைக்குழி அண்டியாபீசுக்கு அந்த வருஷம் வந்த மூன்றாவது லோடில் கொட்டையோடு சேர்ந்து பசியும் வந்தது. தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறக்கும்போதே சாக்கைக் குத்திப் பார்த்தார்கள், ஈரம் பார்த்தார்கள், பூச்சி பார்த்தார்கள், வரி வாங்கினார்கள், முத்திரை போட்டார்கள். பசியைப் பார்க்கிற கருவி அவர்களிடம் கிடையாது, இருந்திருந்தாலும் அதை எந்த இனத்தில் சேர்ப்பது என்று தலையைச் சொறிந்திருப்பார்கள், ஆகவே அது யார் தொந்தரவும் இல்லாமல் லாரியேறி, நாகர்கோவில் தாண்டி, மார்த்தாண்டத்து நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, சாவகாசமாக வந்து சேர்ந்தது.

அண்டி என்றால் அந்தப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை. ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட நீளக் கொட்டகை, கண்ணைக் கரிக்கிற புகை, உள்ளங்கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சுட்ட கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கிற நூற்றெண்பது பெண்கள், இவ்வளவுதான் ஆபீஸ். ஆனாலும் விடிந்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு "ஆபீசுக்குப் போறேன்" என்று சொல்லிப் போவதில் ஒரு கௌரவம் இருந்தது, அதை நாம் ஏன் கெடுப்பானேன். உள்ளூரில் விளைகிற கொட்டை இரண்டு மாசத்துக்குக் காணாது. மீதி மாசங்களுக்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கொட்டை வரும். அதை இவர்கள் உடைத்து, தொலி உரித்து, முழுசு வேறு நொறுங்கல் வேறாகப் பிரித்து, டின்னில் அடைத்து, இன்னும் இரண்டு கடல் தாண்டி அனுப்புவார்கள். அதைத் தின்கிறவர்கள் யாரென்று உடைக்கிறவர்களுக்குத் தெரியாது, பொறுக்கினவர்கள் யாரென்று ஒருத்தருக்குமே தெரியாது. உடைக்கிறவர்கள் ஒரு பருப்பு வாயில் போட்டாலும் சோலி போய்விடும்; வாசலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த காலமும் உண்டு.

லோடு வருகிற நாளில் சாக்குப் பிரிப்பது பெண்களுக்குப் பிடித்த வேலை. சாக்கின் வாயைத் தைத்திருக்கிற நூலின் முனையைக் கண்டுபிடித்து ஒரே இழுப்பில் சர்ரென்று உருவிவிட்டால் அன்றைக்கு நல்ல நாள். உருவிய நூல் உருவியவளுக்கு. பூக்கட்ட, பாவாடைக்கு நாடா போட, கோழிக்குக் காலில் அடையாளம் கட்ட, எல்லாவற்றுக்கும் அந்த நூல்தான். அன்றைக்கு நாற்பத்து மூன்று பேர் நாற்பத்து மூன்று சாக்கைப் பிரித்தார்கள். அதில் ஒருத்தி தங்கலீலா. வயசு நாற்பத்தெட்டு, அண்டியாபீசில் இருபத்தாறு வருஷம், உள்ளங்கை கொட்டைப்பால் பட்டுப் பட்டுக் கறுத்துப்போய் ரேகையெல்லாம் அழிந்துவிட்டது. புருஷன் செல்வமணி கொத்தனாராக இருந்து சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். மகள் ஜெபிஷா நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். தங்கலீலா நூலை ஒரே இழுப்பில் உருவினாள், சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. ஊதி முடிவதற்குள் அவளுக்குப் பசித்தது.

பசி என்றால் அவளுக்குத் தெரியாத பசியா! இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு ஏதோ தேசத்துக்காரன் மெஷினில் உடைத்த பருப்பை மலிவாகக் கொண்டுபோய்க் கொட்டினான் என்று ஆபீசை ஏழு மாசம் பூட்டிப் போட்டார்களே, அப்போது காலையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு, ராத்திரி அதை அவித்த வெள்ளம் என்று கிடந்தவள் அவள். தன் பசியின் நடையும் வருகிற நேரமும் உட்கார்கிற இடமும் அவளுக்கு அத்துபடி. இது அது இல்லை. இது சின்னதாக, அவசரமாக, வயிற்றுக்குள் யாரோ கொலுசில்லாத காலால் ஓடி வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றாள், போதவில்லை. இன்னும் ஒரு கை, இன்னும் ஒரு கை என்று தின்று, செல்வமணிக்கு வைத்திருந்ததையும் தின்றுவிட்டுப் பானையைப் பார்த்தபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அவர் கேட்டதற்குப் பூனை தட்டிவிட்டது என்றாள். பூனை பானையைக் கழுவியா வைத்தது என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷன்.

மூன்று நாள் இப்படிப் போனது. நாற்பத்து மூன்று வீட்டிலும் பூனைதான் சோற்றைத் தட்டிவிட்டது. ஒருத்தியும் இன்னொருத்தியிடம் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் புருஷன் குடிகாரன் என்று சொல்லலாம், மாமியார் அடித்தாள் என்று சொல்லலாம், வயிறு அடங்கவில்லை என்று ஒரு பெண்பிள்ளை எப்படிச் சொல்வாள்? நாலாவது நாள் ஐந்தரைச் சங்குக்கு, எல்லாரிலும் இளையவளான கிறிஸ்டல்பாய் கட்டையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"எக்கா, எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. தின்னத் தின்னப் பசிக்குது. இது எனக்க பசி இல்லக்கா, சத்தியமாட்டு எனக்க பசி இல்ல."

தங்கலீலா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் அப்படித்தான் மக்கா" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக, எனக்கும், எனக்கும் என்று எழுந்து வந்தார்கள், மூன்று நாள் வெட்கத்தை ஒரு மூச்சில் இறக்கி வைத்த சுகத்தில் சிலர் சிரித்துக்கூட விட்டார்கள். எண்ணிப் பார்த்தால் சாக்கு நூலை உருவிய நாற்பத்து மூன்று பேர்தான். ஒருத்தி கூடவுமில்லை, ஒருத்தி குறையவுமில்லை.

அதற்கப்புறம் ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் நாற்பத்து மூன்று பேருக்கும் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சி இருந்தவர்களுக்குப் பூச்சி போனது, பசி போகவில்லை. கோயில் பூசாரி திருநீறு போட்டார், சபை ஐயர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பெருந்தீனியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார், பேசி முடித்துப் படியிறங்கும்போது கிறிஸ்டல்பாயின் வயிறு உறுமிய சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் பிரசங்கத்தை மாற்றிக்கொண்டார். ரேஷன் கடைக்காரர் வெளியூர்ப் பசிக்கு உள்ளூர் கார்டில் அரிசி போட உத்தரவில்லை என்றார். ஒரு கட்சிக்காரர்கள் பசி ஏற்றி வந்த கப்பலைத் திருப்பி அனுப்பு என்று போஸ்டர் ஒட்டினார்கள், மறு கட்சிக்காரர்கள் அது தங்கள் ஆட்சியில் வரவில்லை என்று ஒட்டினார்கள். சாப்பாடே இறங்காத ரப்பர் தோட்டத்துப் பணக்காரர் ஒருவர் காரில் வந்து, ஒரு பசியை விலைக்குத் தர முடியுமா, ஒரு வேளையாவது ருசித்துச் சாப்பிட்டுச் சாகலாம் என்று கெஞ்சினார். அவரை ஒரு காலிச் சாக்கின் மேல் அரை நாள் உட்கார்த்திப் பார்த்தார்கள், அது அவரிடம் போக மறுத்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் பசிப்படி கேட்டார்கள். குட்டப்பன் முதலாளி மூன்று நாள் யோசித்து, ஐந்தரைக்கு ஆளுக்கு ஒரு போணி கஞ்சி தருவதாகவும், கஞ்சி குடித்த தெம்பில் ஆறரை வரைக்கும் கொட்டை உடைக்கலாம் என்றும் ஒத்துக்கொண்டார். அவரையும் சும்மா சொல்லக் கூடாது, கஞ்சியில் உப்புப் போட்டார்.

ஐந்தரை ஏன் என்பதை ஜெபிஷாதான் சொன்னாள். சாக்கில் அச்சடித்திருந்த பெயரை எழுதிக்கொண்டு போய் வரைபடத்தில் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, இங்க அஞ்சரைன்னா அங்க மத்தியானம் பன்னெண்டு" என்றாள். அங்கே மத்தியானம். உச்சி வெயில். கொட்டை பொறுக்கிவிட்டு வந்து பானையைத் திறந்து பார்க்கிற நேரம்.

அது எதைக் கேட்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இன்னும் பத்து நாள் ஆனது. சோற்றுக்கு அடங்கவில்லை, தோசைக்கு அடங்கவில்லை, மீன்கறிக்குக் கொஞ்சம் தலையாட்டியது. கடைசியில் மரச்சீனிக் கிழங்கை அவித்து, உரலில் இடித்துப் பசையாக்கி, ரேஷன் பாமாயிலில் மிளகாய் வதக்கி மேலே ஊற்றித் தின்றபோதுதான் எல்லா வயிற்றிலும் ஒரே நேரத்தில் "ஆங்" என்று ஒரு சமாதானம் வந்தது. அங்கேயும் மரச்சீனிதானாம். வெட்கம் பாருங்கள், இருபத்தாறு வருஷமாக அந்த மண்ணின் கொட்டையை உடைத்தவர்களுக்கு அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை, அவர்களும் நாமும் ஒரே கிழங்குதான் என்று வயிறு வந்து சொல்ல வேண்டியிருந்தது.

தின்பது அங்கே போய்ச் சேர்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொருத்தியும் தன் சாக்குக்காரரை வயிற்றால் அடையாளம் கண்டுகொண்டாள். கிறிஸ்டல்பாய்க்கு வந்தது பல்லில்லாத ஒரு கிழவருடைய பசி, மெதுவாகத் தின்றால்தான் ஏற்றுக்கொள்ளும். இன்னொருத்திக்கு வந்தது பிள்ளைத்தாச்சிப் பசி, புளிப்புக் கேட்டது. தங்கலீலாவுக்கு வந்தது ஒரு பிள்ளையுடைய பசி. நாலு வயசு, மிஞ்சினால் ஐந்து. சட்டென்று வரும், நாலு வாயில் நிறையும், நிறைந்ததும் விளையாடப் போகப் பார்க்கும், "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய்" என்று தங்கலீலா யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்து உருட்டி உருட்டித் தின்றால், அடிவயிற்றிலிருந்து ஒரு சின்ன ஏப்பம் வரும், அது அவளுடையது அல்ல. பிறகு தோளில் பிள்ளை தூங்கிச் சாய்கிற கனம் விழும். ஒரு நாள் காய்ச்சலில் கிடந்து அவள் தின்னாமல் இருந்தபோது மறுநாள் அந்தப் பசி ஓடி வரவில்லை, தவழ்ந்து வந்தது. அன்றைக்கு அவள் பயந்த பயம் ஜெபிஷாவுக்கு மஞ்சள்காமாலை வந்தபோதுகூடப் பயந்ததில்லை. தான் ஒரு வேளை தின்னாவிட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை சுருண்டு கிடக்கும் என்ற எண்ணத்தோடுதான் அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு உருண்டையையும் எடுத்தாள்.

ஆனால் கிழங்கு சும்மா வருமா? ஒவ்வொரு வீட்டிலும் இன்னொரு ஆளுக்கு உலை வைப்பதென்றால் கூலியில் அது நிற்காது. இரண்டு மாசத்தில் பலர் தங்கள் சாப்பாட்டைக் குறைத்து அந்தப் பசிக்குக் கொடுத்தார்கள், இந்தப் பக்கத்து ஏழை அந்தப் பக்கத்து ஏழைக்கு ஊட்டி இரண்டு பேரும் மெலிந்ததுதான் மிச்சம், நடுவில் டின்கள் மட்டும் கொழுகொழுவென்று கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன.

அப்படியிருக்கும்போது ஒரு மதாம்மை வரப் போகிறாள் என்று செய்தி வந்தது. வெள்ளைக்காரிக்கு அந்தப் பக்கத்தில் மதாம்மை என்று பேர். டின் வாங்குகிற தேசத்திலிருந்து வருகிறாள், மரத்திலிருந்து டின் வரைக்கும் ஒருத்தரும் கஷ்டப்படவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால்தான் டின்மேல் பச்சை இலை முத்திரை அச்சடிப்பார்களாம். யாராவது கஷ்டப்படுகிறார்கள் என்று எழுதினால், பொறுக்குகிறவர்களுக்குக் கொட்டை விலையைக் கூட்டிக் கொடுத்த பிறகுதான் வாங்க வேண்டுமாம். இதையெல்லாம் ஜெபிஷா அந்தக் கம்பெனிக்காரர்களே போட்டிருந்த தாளில் படித்துச் சொன்னாள்.

குட்டப்பன் முதலாளி பெண்களைக் கூட்டி ஒரே வார்த்தை சொன்னார். "கேட்டா உள்ளதைச் சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன். விலை கூடிச்சுன்னா இந்த ஆபீஸ் ஓடுமா ஓடாதான்னு எனக்கே தெரியாது. அதையும் நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

பெண்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் ரூமுக்குப் பின்னால் கூடினார்கள். ஏழு மாசம் பூட்டிக் கிடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருத்தி, "நமக்கெதுக்குடி ஊர் வம்பு, சவத்தெ விடு" என்றாள். இன்னொருத்தி பிள்ளையின் கல்யாணத்தைச் சொல்லி அழுதாள். வாக்குவாதம் சங்கு ஊதுகிறவரைக்கும் நீண்டது. கடைசியில் கிறிஸ்டல்பாய்தான் சொன்னாள்.

"எக்கா, நாம எத்தனை நாளு ஊட்டுவோம்? நான் கல்யாணம் கழிச்சு வேற ஊருக்குப் போனா எனக்க கிழவனுக்கு யாரு இருக்கா? ஒரு தடவை சொல்லிப் பாப்போம். பூட்டினா பூட்டட்டும்."

யார் சொல்வது என்றதும் எல்லாரும் தங்கலீலாவைப் பார்த்தார்கள். முதலாளி முன்னால் குரல் நடுங்காமல் பேசுகிறவள் அவள் ஒருத்திதான், போதாக்குறைக்கு அவளிடம் இருப்பது பிள்ளைப் பசி. அவளும் "நான் சொல்லுதேன்" என்றாள். ஜெபிஷா எழுதிக் கொடுத்ததை ஒரு வாரம் உருப்போட்டாள்: அம்மா, இந்தச் சாக்கில் பசி இருக்கிறது, அது எங்களுடையது அல்ல, உங்களுக்கு இந்தக் கொட்டையைப் பொறுக்கித் தந்தவர்களுடையது, தினமும் ஐந்தரைக்கு வருகிறது, என் வயிற்றில் இருப்பது ஒரு பிள்ளை. இவ்வளவுதான். கொட்டை உடைக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள், குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தாள், வயிற்றைத் தடவி அந்தப் பிள்ளையிடமே சொல்லிக் காட்டினாள். அதற்குப் புரிந்ததோ என்னவோ, அந்த வாரம் முழுக்க ஒரு வாய் கூடவே தின்றது.

மதாம்மை வந்தாள். கெட்டவள் என்று சொல்ல நாக்கு வராது. ஐம்பது வயசிருக்கும், வெயிலில் சிவந்துபோன முகம், பருத்திச் சேலை உடுக்கத் தெரியாமல் உடுத்தியிருந்தாள், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் பெண்களோடு தரையிலேயே உட்கார்ந்தாள். கூட நந்திதா என்று சென்னைப் பெண் ஒருத்தி, பேச்சை மாற்றிச் சொல்வதற்கு. மதாம்மை புகைக்கு இருமினாள், தங்கலீலாவின் கறுத்த உள்ளங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக் கண்கலங்கினாள். கழிவறை உண்டா, கையுறை தருகிறார்களா, குடிக்கத் தண்ணீர் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நந்திதா எழுதிக்கொண்டே வந்தாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது மணி ஐந்து இருபத்தைந்து. நாற்பத்திரண்டு பேரும் தங்கலீலாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், தொண்டையைச் செருமினாள்.

"அம்மா, ஒரு காரியம் சொல்லணும். இந்தச் சாக்கு இருக்குல்லா..."

சங்கு ஊதியது. பசி ஓடி வந்தது. அன்றைக்கு என்ன அவசரமோ, வந்த வேகத்தில் அவள் வயிறு கடமுடவென்று அந்தக் கொட்டகையே கேட்கும்படி சத்தம் போட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற முதலாளியும் பார்த்தார். தங்கலீலாவுக்குக் காதுமடல் வரை சூடேறியது. மதாம்மை முகம் இளகி, தன் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். உப்புப் போட்டு வறுத்த முந்திரிப்பருப்பு, வழியில் கொறிக்கத் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதைப் பிரித்து அவள் பக்கமாக நீட்டி என்னவோ கேட்டாள்.

"பசிக்குதாம்மான்னு கேக்குறாங்க. எடுத்துக்கச் சொல்றாங்க" என்றாள் நந்திதா.

இந்த இடத்தில் தங்கலீலாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அவளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அவளுக்கு ஏழு வயசிருக்கும்போது அம்மை அவளைப் பக்கத்து வீட்டுக்கு உப்பு வாங்க அனுப்பினாள். அந்த வீட்டில் எல்லாரும் அயிலை மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரி "தின்னுதியாட்டி?" என்று கேட்டதற்கு, முந்தின நாளிலிருந்து ஒன்றும் தின்னாத பிள்ளை, எச்சிலை விழுங்கிக்கொண்டு "தின்னாச்சு, வயிறு நெறஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு உப்போடு வந்தாள். கேள்விப்பட்ட அம்மை அவளைக் கட்டிப்பிடித்து, "நீதாண்டி எனக்கு மானத்தக் காத்த பிள்ளை" என்று நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அம்மையிடம் அவள் வாங்கின முத்தங்களில் நினைவிருப்பது அது ஒன்றுதான். அன்றிலிருந்து யார் வீட்டில் யார் கேட்டாலும், ஏழு மாசம் கிழங்கு வெள்ளம் குடித்துக் கிடந்தபோதும், அவள் வாயில் அந்த ஒரு பதில்தான். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த எல்லாப் பெண்களுக்கும் அதே பதில்தான். அம்மை அப்பன் பேரைச் சொல்லப் படிப்பதற்கு முன்னாலேயே அதைப் படித்துவிடுகிற சனங்கள் அவர்கள்.

"இல்லம்மா. இப்பந்தான் தின்னேன்" என்றாள் தங்கலீலா. சிரித்துக்கொண்டே கையால் பொட்டலத்தை மெல்லத் தள்ளினாள். "எனக்குப் பசியே இல்ல. வயிறு நெறஞ்சிருக்கு."

சொல்லி வாயை மூடுவதற்குள், வயிற்றுக்குள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த கை விட்டது. கோபித்துக்கொண்டு போகவில்லை, அழவில்லை, ஒரு பெரியவள் இல்லை என்று சொன்னால் பிள்ளைகள் எப்படி மேற்கொண்டு கேட்காமல் திரும்பி நடக்குமோ அப்படித் திரும்பிப் போனது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வயிற்றில் மத்தியானம் தின்ற சோறு மட்டும் இருந்தது.

"சாக்கைப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்று நந்திதா பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

தங்கலீலா வாயைத் திறந்தாள். உருப்போட்டது அத்தனையும் வரிசையாக நாக்கில் நின்றது. என் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று எப்படிச் சொல்வாள், இப்போது இல்லையே? அவள் மற்றவர்களைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு பேருக்கும் பசி வயிற்றைப் பிராண்டிக்கொண்டிருந்தது. ஆனால் சொல்லப் போனவள் சொல்லிவிட்டாள், வெளியாள் முன்னால் வைத்து நம்ம தங்கலீலாவைப் பொய்க்காரி ஆக்குவதற்கு ஒருத்திக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கிறிஸ்டல்பாய் மட்டும் ஒரு நொடி வாயெடுத்தாள், தங்கலீலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாக்கு நூலு நல்லா உறுதியாட்டு இருக்கு. பூக்கெட்ட எடுப்போம். அதத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் தங்கலீலா.

நந்திதா அதை மாற்றிச் சொன்னதும் மதாம்மை சந்தோஷப்பட்டு அதையும் எழுதச் சொன்னாள்.

பிறகு நடந்தவற்றை வளர்த்துவானேன். டின்மேல் பச்சை இலை வந்தது. கொட்டை விலை பழைய விலையிலேயே நின்றது, ஆபீசும் பூட்டவில்லை. யாராவது தன்னைத் திட்டுவார்கள், மயிரைப் பிடித்து உலுக்குவார்கள் என்று தங்கலீலா எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் எல்லாரும், ஆபீஸ் பூட்டிவிடுமே என்று பயந்துதான் அவள் மாற்றிச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டார்கள். "விடுக்கா, நாங்களும் அதைத்தான் சொல்லியிருப்போம். நூத்தெண்பது குடும்பத்தை நெனச்சுத்தானே சொன்னே" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அப்படி எதையும் நினைத்துச் சொல்லவில்லை, வயிறு சத்தம் போட்டதற்கு வெட்கப்பட்டுச் சொன்னேன், அவ்வளவு சின்னக் காரியத்துக்கு ஒரு பிள்ளையை விட்டுக்கொடுத்தேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் ஜெபிஷா "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டபோது அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாவது லோடு வந்தது, ஐந்தாவது வந்தது, அவற்றிலும் பசி இருந்தது. தங்கலீலா முதல் ஆளாக ஓடி, ஒரு நாளில் பதினெட்டு சாக்கின் நூலை உருவினாள். சாக்குக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள், யாரும் பார்க்காதபோது அதன் வாயில் முகத்தை வைத்து, "வா மக்கா, எனக்குப் பசிக்குது, வா" என்றாள். பக்கத்தில் நின்ற புதுப் பெண்களுக்குப் பசி வந்தது, அவளுக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு அங்கேயே வயிறாரக் கிடைக்க ஆரம்பித்திருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொண்டாள். வேறு ஏதாவது ஊரில், இல்லை என்று சொல்லாத ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொண்டாள். மூன்றாவதாகவும் ஒன்று நினைப்பதற்கு இருந்தது, அது தலைக்குள் எட்டிப் பார்த்த போதெல்லாம் அவள் கட்டையை எடுத்துக் கொட்டையை ஓங்கித் தட்டினாள்; அவள் கணக்கில் நொறுங்கல் அதிகமாகிவிட்டது என்று மேஸ்திரி திட்டினார்.

ஆனாலும் ஐந்தரைச் சங்கு ஊதியதும் மற்றப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கும்போது அவளும் திறந்தாள். தன்னிடமிருந்து அது போய்விட்டது என்று தெரிந்தால் அவர்கள் என்ன கேட்பார்கள், அவள் என்ன சொல்வாள்? ஆகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மோ, இன்னிக்கு என்ன பசி பசிக்குது" என்று முதலில் சொல்கிறவள் அவள்தான். இடித்த கிழங்கைப் பாமாயிலில் புரட்டி உருட்டி உருட்டி வாயில் போட்டு, குமட்டக் குமட்ட விழுங்கினாள், ஒரு வேளை போய்ச் சேராதா, ஒரே ஒரு உருண்டையாவது போய்ச் சேராதா என்று ஒவ்வொரு வாய்க்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள்.

மற்றவர்களெல்லாம் எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருந்த அந்த மழைக்காலத்தில் தங்கலீலாவுக்கு ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. செல்வமணி சுவரில் சாய்ந்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்து, "எட்டி, நீ இப்பம் நல்லா தேறிட்டே, பாக்கக் கொள்ளாம்" என்று ஆசையாகச் சொன்னார். அவள் குனிந்து தன் கையை, புறங்கைச் சதையை, இடுப்பு மடிப்பைப் பார்த்தாள். தின்றது அத்தனையும் அவளுக்கே சேர்ந்திருந்தது.